25,000 மணி நேரம்னு போட்ட எல்இடி பல்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுது?

கதிர்வெளி:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி, தெரிஞ்சவங்க விளக்கணும்.

வீட்டுல இருந்த குண்டு பல்பு, சிஎஃப்எல் எல்லாத்தையும் கழட்டிட்டு மொத்தமா எல்இடிக்கு மாறினேன். டப்பா மேல 25,000 மணி நேரம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் எரிச்சாலும் பதிமூணு வருஷத்துக்கு மேல வரணும். ஆனா ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ளயே ஒவ்வொண்ணா போக ஆரம்பிச்சிடுச்சு.

போற விதமும் ஒண்ணுபோல இல்ல. குளியலறையில கண்ணாடிக் கூடுக்குள்ள இருந்தது ஒரு நாள் பட்டுனு அணைஞ்சது, அதோட சரி. ஹால்ல இருந்தது விட்டு விட்டு எரிஞ்சது. படபடன்னு இல்ல, நிதானமா, ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும். படிக்கற மேஜைக்கு மேல இருக்கறது இன்னும் எரியுது, ஆனா வாங்கின புதுசுல இருந்த வெளிச்சம் இப்ப இல்ல. மாடிப்படியில ராப்பகலா எரியற ஒண்ணு மட்டும், அதே கம்பெனி, அதே 9 வாட், ஜம்முனு இருக்கு. அதிகமா எரியறதுதானே முதல்ல போகணும்? அங்கதான் எனக்குக் குழப்பம்.

எல்இடியோட குணமே இதுதானா, இல்ல சீக்கிரம் போகட்டும்னே இப்படிச் செய்யறாங்களா? அந்தக் காலத்துல பல்பு கம்பெனிகள் கூட்டு சேர்ந்து ஆயுளைக் குறைச்சாங்கன்னு படிச்சிருக்கேன். அடுத்து வாங்கும்போது எதைப் பாத்து வாங்கறது?

கூடவே ஒண்ணு. வராண்டா பல்பு சுவிட்சை அணைச்ச பிறகும் ராத்திரியில மங்கலா மினுங்குது. அதுவும் கோளாறா?


சால்டர்முனை:

கதிர்வெளி, மாடிப்படி பல்பைப் பத்திச் சொன்னீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. போன பல்பை நான் தூக்கிப் போடறதில்ல. பிரிச்சு, எது போச்சுன்னு பாத்துட்டுத்தான் வைப்பேன். அப்படிப் பாத்த வரைக்கும் பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான்: சூடு.

"எல்இடி சூடாகாது"ன்னு ஒரு பேச்சு ரொம்பப் பரவிடுச்சு. அது சரியில்ல. குண்டு பல்புல போற மின்சாரத்துல பத்துல ஒன்பது பங்கு வெளிச்சமா மாறாது, உண்மைதான். ஆனா அதுல பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிரா கண்ணாடி வழியா தானா வெளியேறிடும். டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரியில எரியறதுக்காகவே செஞ்சது, அந்தச் சூட்டை அது தாங்கும். எல்இடி வெளிச்சத்துல அகச்சிவப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதனால வெளிச்சம் தர்ற சில்லுக்குள்ள (சிப்) உண்டாகற சூட்டுக்குப் போக்கிடம் ஒரே ஒரு வழிதான்: சில்லுக்கு அடியில இருக்கற சால்டர், அதுக்குக் கீழ அலுமினியத் தகடு, அப்புறம் பல்போட உடம்பு, கடைசியில காத்து. 9 வாட் பல்புல சுமார் 6 வாட் சூடாத்தான் மாறுது. கேக்க சின்ன எண்ணா இருக்கும். ஆனா அது அத்தனையும் ஒரு கைப்பிடி அளவு பிளாஸ்டிக் உடம்பு வழியா வெளியேறணும். அந்த உடம்போட கழுத்துலதான் டிரைவர் சர்க்யூட்டும் (வீட்டு கரன்டை எல்இடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கறது) உக்காந்திருக்கு, அதுவும் சேர்ந்து வேகும்.

இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். குளியலறை பல்பு மூடின கண்ணாடிக் கூட்டுக்குள்ள. உள்ள இருக்கற காத்து வெளிய போகாம திரும்பத் திரும்பச் சூடாகும். மாடிப்படி பல்பு அனேகமா திறந்த ஹோல்டர்ல இருக்கும், சுத்தி காத்து ஓடும். அதோட இன்னொரு பெரிய லாபம் அதுக்கு: அதை யாரும் அணைச்சு அணைச்சுப் போடறதில்ல. எல்இடிக்குள்ள சில்லு, தங்கம் இல்லாட்டி செம்புக் கம்பி, சிலிக்கோன் ஜெல், பிளாஸ்டிக், சால்டர், அலுமினியம்னு பல பொருள் ஒட்டிக்கிட்டு இருக்கு. சூடானா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு விரியும். போட்டா விரியும், அணைச்சா சுருங்கும். இந்த இழுபறியிலதான் உள்ள கம்பி களைச்சுப் போய் விரிசல் விடுது. ராப்பகலா எரியற பல்பு ஒரே சூட்டுல நிக்கறதால அந்தத் தொல்லை அதுக்கு இல்ல. அதிகமா எரியறது முதல்ல போகணும்ங்கறது குண்டு பல்போட கணக்கு, அங்க எரிய எரிய டங்ஸ்டன் ஆவியாகித் தேயும். இங்க கணக்கே வேற.

பட்டுனு அணைஞ்ச பல்பை உங்களால பிரிக்க முடியும்னா பிரிச்சுப் பாருங்க. ஹோல்டர்லேர்ந்து கழட்டி, கொஞ்ச நேரம் விட்டுட்டு, மேல இருக்கற பால்நிற மூடியைத் திருகினா கழண்டு வந்துடும். (எக்காரணம் கொண்டும் மூடி இல்லாம திரும்ப ஹோல்டர்ல மாட்டிப் பாக்காதீங்க. இந்த பல்புகள்ல பெரும்பாலானதுல மெயின்ஸுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவுல எந்தத் தடுப்பும் இல்ல, தொட்டா நேரா ஷாக். கழட்டின பிறகும் கெப்பாசிட்டர்ல (மின்சாரத்தைத் தேக்கி வைக்கற பாகம்) சார்ஜ் நிக்கும்.) உள்ள வெள்ளை பெயின்ட் அடிச்ச வட்டத் தகடு, அதுல மஞ்சளா சின்னச் சின்ன சதுரங்கள். 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர், அதனால அதுக்கு 2835னே பேர். ஒவ்வொரு மஞ்சள் பரப்பையும் நல்ல வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ஏதோ ஒண்ணுல குண்டூசி முனை அளவு கறுப்புப் புள்ளி இருக்கும். தலைமுடியை விட மெலிசான கம்பி அங்க அறுந்து, அறுந்த இடத்துல பொறி பறந்து கருகின தடம் அது.

ஒரு சதுரம் போனா மத்தது ஏன் எரியலன்னு கேப்பீங்க. 230 வோல்ட் வர்ற வீட்டுல அந்த மின்சாரத்தை நேராக்கினா உச்சம் 325 வோல்ட் வரும். ஒரு நீல எல்இடி சில்லுக்கு வேண்டியது சுமார் 3 வோல்ட்தான். அதனால ஒரே சதுரத்துக்குள்ள ஆறு சில்லை வரிசையா வெச்சு 18 வோல்ட் ஆக்கி, அதுல பதினாலு சதுரத்தைக் கோர்த்து 252 வோல்ட் ஆக்குவாங்க. கணக்குப் போட்டா 84 சில்லு, எல்லாம் ஒரே வரிசை. மாலையில நூல் ஒரு இடத்துல அறுந்தா போதும். 83 சில்லு நல்லா இருந்தும் பல்பு இருட்டுதான். அதை ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் எனக்கு மனசு ஆறறதில்ல.

ஹால் பல்போட நிதானமான சிமிட்டலும் பெரும்பாலும் இதே நோய், ஒரு படி முன்னாடி. கம்பியில விரிசல் விழுந்திருக்கும், முழுசா அறுந்திருக்காது. குளிர்ந்தா ஒட்டும், கரன்ட் போகும், சூடாகி விரியும், விலகும், அணையும், மறுபடி குளிரும். டிரைவர் கெட்டுப்போய் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆனாலும் இதே மாதிரி தெரியும், ஆனா வெளிப்பார்வைக்கு ரெண்டையும் பிரிக்கறது கஷ்டம்.

மேஜை பல்பு மங்கினது வேற கதை. எல்இடி படிப்படியா மங்கத்தான் செய்யும். நீலச் சில்லு மேல மஞ்சள் ஃபாஸ்ஃபர் பூசித்தான் வெள்ளை வெளிச்சம் எடுக்கறாங்க. சூட்டுல அந்தப் பூச்சும் சிலிக்கோனும் நிறம் மாறும், மேல் மூடியும் பழுப்பாகும். இதைத்தான் டப்பாக்காரங்க "ஆயுள்"ங்கறதுக்குள்ள சேர்த்துக்கறாங்க. எல்70ன்னு ஒரு அளவுகோல்: வெளிச்சம் தொடக்கத்துல இருந்ததுல 70 சதவீதமா குறையற வரைக்கும் எத்தனை மணி நேரம்ங்கறதுதான் ஆயுள்.

அந்த 25,000 எங்கேர்ந்து வருதுன்னும் தெரிஞ்சுக்கங்க. எல்எம்-80ன்னு ஒரு சோதனை முறை. அந்தச் சின்ன மஞ்சள் சதுரத்தை மட்டும் குறிப்பிட்ட சூட்டுல குறைஞ்சது 6,000 மணி நேரம் எரிச்சு எவ்வளவு மங்குதுன்னு அளப்பாங்க. அப்புறம் டிஎம்-21ங்கற முறைப்படி அந்தக் கோட்டை நீட்டி, சோதிச்ச நேரத்துக்கு அதிகபட்சம் ஆறு மடங்கு வரைக்கும் கணிக்கலாம். 6,000 மணி நேரச் சோதனையை வெச்சு 36,000 வரைக்கும் சொல்லிக்கலாம். கணக்குல ஏமாத்து இல்ல, ஒழுங்கான முறைதான். ஆனா அது சதுரத்தோட மங்கல் கணக்கு. சோதனையில இல்லாத டிரைவரும், அவங்க நினைச்சதை விட சூடான உங்க கண்ணாடிக் கூடும் அதுல வரவே வராது.

டிரைவரைப் பத்தியும் சொல்லிடறேன். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருந்தா அதுக்குள்ள இருக்கற திரவம் சூட்டுல ரப்பர் அடைப்பு வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். மேல 105 டிகிரின்னு அச்சடிச்சிருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டுல 2,000 மணி நேரம் தாங்கும். பத்து டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்குன்னு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. அப்ப 75 டிகிரியில 16,000 மணி நேரம், 65 டிகிரியில 32,000. ஒரே கெப்பாசிட்டர், ஒரே பல்பு, கூட்டுக்குள்ள மாட்டறமா வெளியில மாட்டறமாங்கறதுல இவ்வளவு வித்தியாசம். அது காய்ஞ்சு போச்சான்னு பாக்க சுலபமான வழி: மொபைல் கேமராவை பல்பு பக்கம் காட்டுங்க. திரையில கறுப்புப் பட்டைகள் ஓடினா வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குதுன்னு அர்த்தம். சில மலிவு பல்புல கெப்பாசிட்டரே வைக்காததால புதுசுலயே இப்படித்தான் இருக்கும், அதனால வாங்கின அன்னிக்கே ஒரு தடவை பாத்து வெச்சுக்கறது நல்லது.

கூட்டுச் சதி விஷயத்தை இங்க இன்னும் நல்லாத் தெரிஞ்சவங்க எழுதுவாங்க.


ஓம்விதி:

சால்டர்முனை சொன்னதோடு சேர்த்து அந்தப் பழைய கதையை எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பாதியில் நிறுத்தித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

பல்பு நிறுவனங்கள் சேர்ந்த ஃபீபஸ் கூட்டணி உண்மை. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உருவானது. ஓஸ்ராம், பிலிப்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் உறுப்பினர்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் தன் வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாக இருந்தது. பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வரையறுத்தார்கள். அதற்கு மேல் நீடிக்கும் பல்பு செய்தவர்களுக்கு அபராதமும் விதித்தார்கள். இரண்டாம் உலகப் போரோடு அது கலைந்தது. அபராதம் என்பதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

ஆனால் 1,000 என்ற எண்ணுக்குப் பொறியியல் காரணமும் இருக்கிறது. டங்ஸ்டன் இழையை எவ்வளவு சூடாக எரிக்கிறீர்களோ அவ்வளவு திறமையாக வெளிச்சம் தரும், அவ்வளவு சீக்கிரம் தேயும். மின்னழுத்தத்தை 5 சதவீதம் கூட்டினால் வெளிச்சம் 15 சதவீதத்துக்கு மேல் கூடும், ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆயிரக்கணக்கான மணி நேரம் நீடிக்கும் குண்டு பல்பை யாரும் செய்யலாம். அது மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் தின்னும். பிரிட்டனின் ஏகபோக ஆணையம் 1951-இல் வெளியிட்ட அறிக்கையும் 1,000 மணி நேரத்தை ஒரு நியாயமான சமரசம் என்றே பார்த்தது. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பை உதாரணம் காட்டுவார்கள். அது இன்று சுமார் 4 வாட் அளவில் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் படிக்க முடியாது. அது இத்தனை காலம் நீடிப்பதற்கு அந்த மங்கலே பெரிய காரணம். அணைக்காமல் எரிவதும் உதவுகிறது.

ஆகவே குண்டு பல்பில் ஆயுளும் திறனும் எதிரெதிர்த் திசை. எல்இடியில் அப்படி இல்லை. அதைச் சால்டர்முனை இன்னும் சொல்லவில்லை, சொல்வார் என்று நினைக்கிறேன்.


சால்டர்முனை:

ஓம்விதி, நீங்க எடுத்துக் குடுத்த இடத்துலேர்ந்தே தொடர்றேன். எல்இடி விஷயத்துல எனக்கு இருக்கற ஒரே பெரிய ஆதங்கம் இதுதான்.

எல்இடிக்குள்ள கரன்டைக் குறைச்சா என்ன ஆகும்? சூடு குறையும், ஆயுள் கூடும். கூடவே ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கற வெளிச்சமும் கூடும்! குறைஞ்ச கரன்டுல சில்லு இன்னும் திறமையா வேலை செய்யும். ஆயுளும் திறனும் ஒரே பக்கம் போகுது. டங்ஸ்டன்காரங்களுக்கு இருந்த அந்தச் சமரசம், அந்த நியாயம், எல்இடி செய்யறவங்களுக்கு இல்ல. அவங்க செய்ய வேண்டியது சில்லுகளை அதிகமா வெச்சு ஒவ்வொண்ணையும் மெதுவா ஓட்டறது மட்டும்தான். அதுக்கு மாறா, இருபது சதுரம் வைக்க வேண்டிய இடத்துல பத்தை வெச்சு, அந்தப் பத்தையும் அதோட எல்லை வரைக்கும் விரட்டறாங்க. கடை அலமாரியில பக்கத்து டப்பாவை விட ஒரு துளி மலிவா நிக்கணும், அதுக்காக. கூட்டு சேர்ந்து அபராதம் போட வேண்டிய அவசியமே இல்லாம அதே முடிவு வந்துடுது.

முடியாததைக் கேக்கறேன்னு யாரும் சொல்ல முடியாது, ஏன்னா செஞ்சு காட்டியாச்சு. 2016-ல துபாய் நகராட்சியோட சேர்ந்து பிலிப்ஸ் ஒரு பல்பு கொண்டு வந்தாங்க, துபாய் லேம்ப்னே பேரு. ஒரு வாட்டுக்கு 200 லுமென் (லுமென்ங்கறது வெளிச்சத்தோட அளவு). 60 வாட் குண்டு பல்புக்குப் பதிலா 3 வாட்! உள்ள பாத்தா ரகசியம் ஒண்ணும் இல்ல, எல்இடி எண்ணிக்கையைக் கூட்டி கரன்டைக் குறைச்சிருக்காங்க, அவ்வளவுதான். தொட்டா வெதுவெதுப்புதான் இருக்கும். அதுக்கு முன்னாடியே அமெரிக்க எரிசக்தித் துறை எல் பிரைஸ்னு ஒரு போட்டி வெச்சது. 2011-ல ஜெயிச்ச பல்பு 10 வாட்டுக்குள்ள 900 லுமெனுக்கு மேல குடுத்தது. அதை 45 டிகிரி சூட்டுல 25,000 மணி நேரம் ஓட்டிப் பாத்தாங்க, வெளிச்சம் கிட்டத்தட்ட குறையவே இல்ல. அப்ப டப்பாவுல போடற அந்த எண்ணை நிஜமாவே எட்ட முடியும். மனசு வெக்கணும், கொஞ்சம் அலுமினியம் வெக்கணும்.

ஐரோப்பாவுல 2021 செப்டம்பர்லேர்ந்து பல்புக்குப் புது எனர்ஜி லேபிள், ஏ-தான் உசத்தி. அதுல ஏ வாங்கணும்னா வாட்டுக்கு 210 லுமென் வேணும். வந்த புதுசுல அந்த ஏ ரகம் கிட்டத்தட்ட கண்ணுலயே படல, கடையில இருந்ததெல்லாம் ஈ, எஃப்னு நின்னுச்சு. இப்ப ஏ வாங்கின 4 வாட் பல்பு வந்திருக்கு, ஆயுள் 50,000 மணி நேரம்னு போடறாங்க. சரியான திசையில அளவுகோலை வெச்சா பொறியாளர்கள் அந்தப் பக்கம் ஓடுவாங்கங்கறதுக்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.


கதிர்வெளி:

சால்டர்முனை அண்ணா, ஓம்விதி சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குளியலறை பல்பைப் பிரிச்சேன். நீங்க சொன்ன மாதிரியே ஒரு சதுரத்துல கறுப்புப் புள்ளி! அப்படியே இருக்கு. இப்ப வீடியோக்கள்ல பாத்தா அந்தச் சதுரத்தை மட்டும் சால்டர் வெச்சு ஷார்ட் பண்ணினா பல்பு மறுபடி எரியுதுன்னு காட்டறாங்க. செஞ்சு பாக்கலாமா? வாங்கறதைப் பத்தியும் சொல்லுங்க அண்ணா.


சால்டர்முனை:

எரியும். ஆனா வேண்டாம். காரணத்தைச் சொல்றேன்.

உங்க பல்புல இருக்கறது லீனியர் டிரைவரா இருந்தா (தகட்டுலயே எட்டுக்கால் ஐசி ஒண்ணு, சின்ன ரெசிஸ்டர் ரெண்டு, பிரிட்ஜ் ரெக்டிஃபையர், இவ்வளவுதான் இருக்கும்), அந்த ஐசி கரன்டை ஒரே அளவுல பிடிச்சு வெச்சிருக்கும், மிச்ச வோல்ட்டை தானே சுமந்து சூடாக்கித் தீர்க்கும். 9 வாட்டுக்கு கரன்ட் சுமார் 35 மில்லிஆம்பியர். நீங்க ஒரு 18 வோல்ட் சதுரத்தை ஷார்ட் பண்ணினா அந்த 18 வோல்ட்டும் ஐசி தலையில விழும். 18ஐ 0.035ஆல் பெருக்கினா 0.63 வாட். உளுந்து அளவு ஐசிக்கு அது பெரிய கூடுதல் சுமை. கூடவே அதே தகட்டுல இருக்கற மத்த சதுரங்களும் இன்னும் சூடாகும். அவைகளும் அதே வயசு, அதே வேதனையை அனுபவிச்சவை. அடுத்த கறுப்புப் புள்ளி ரொம்பத் தூரத்துல இல்ல. அதுக்கு நடுவுல மெயின்ஸோட நேரா இணைஞ்ச ஒரு பொருளை நீங்க கையாலே பிரிச்சு மூடியிருப்பீங்க. அந்த ஆபத்துக்கு இந்த லாபம் ஈடில்ல.

சர்க்யூட் வேலையில பழக்கம் உள்ளவங்க புது பல்புல செய்யற ஒரு மாத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ரெண்டு சின்ன ரெசிஸ்டர் பக்கம் பக்கமா இணைஞ்சு கரன்டைத் தீர்மானிக்குது. பெரிய மதிப்புள்ளதை எடுத்துட்டா கரன்ட் குறையும். உதாரணமா 22 ஓம், 75 ஓம் ரெண்டும் சேர்ந்தா 17 ஓம். 75ஐ எடுத்தா 22 மட்டும் நிக்கும், 35 மில்லிஆம்பியர் 27 ஆகும், 9 வாட் பல்பு 7 வாட்டுக்கு இறங்கும். வெளிச்சம் குறையறது கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது, சூடு குறையறது கைக்கு நல்லாத் தெரியும். இதைப் பழக்கம் இல்லாதவங்க செய்யவே கூடாது. நான் சொல்ல வர்றது, தொழிற்சாலையில இதே ரெசிஸ்டரை முதல்லயே மாத்திப் போட்டிருந்தா உங்க குளியலறை இன்னும் வெளிச்சமா இருந்திருக்கும்ங்கறதுதான்.

வாங்கறதுக்கு: முதல்ல லுமெனை வாட்டால வகுத்துப் பாருங்க. வாட்டுக்கு 80, 90ன்னா சில்லை விரட்டி ஓட்டறாங்கன்னு எடுத்துக்கலாம். 120ஐத் தாண்டினா நிம்மதி, அதுக்கு மேல போகப் போக நல்லது. டப்பாவுல இருக்கற ஆயுள் எண்ணை விட எனக்கு இந்த வகுத்தல்தான் நம்பிக்கை, ஏன்னா ஆயுளை ஆராயக் கடையில வழி இல்ல, இதை நின்ன இடத்துலயே போட்டுப் பாக்கலாம். ரெண்டு பல்பைக் கையில எடுத்துத் தூக்கிப் பாருங்க, ஒரே வாட்ல கனமானது பெரும்பாலும் உள்ள அலுமினியம் அதிகம் உள்ளது. ஒரு 12 வாட்டுக்குப் பதிலா ரெண்டு 5 வாட், 6 வாட் போட இடம் இருந்தா அப்படிப் போடுங்க, சூடு ரெண்டு உடம்புக்குப் பிரியும். பட்டையா நீளமா இருக்கற ட்யூப் விளக்கு இதே காரணத்தாலதான் குண்டு வடிவத்தை விட நீடிக்குது, சூடு பரவ இடம் தாராளம்.

கண்ணாடிக் குமிழுக்குள்ள மஞ்சள் குச்சி குச்சியா இருக்கற ஃபிலமென்ட் எல்இடி இருக்கே, அது எனக்கு ரொம்ப இஷ்டம். உள்ள ஹீலியம் கலந்த வாயு அடைச்சிருப்பாங்க. காத்தை விட ஹீலியம் சுமார் ஆறு மடங்கு நல்லா சூட்டைக் கடத்தும், குச்சியோட சூடு நேரா மொத்தக் கண்ணாடிக்கும் போயிடும். அழகுக்காகன்னு நினைச்சு வாங்கறவங்க அதிகம், உள்ள இருக்கற யோசனை அதை விட அழகு. ஆனா கழுத்துல டிரைவருக்கு இடம் ரொம்பக் குறைவு, அதனால அதுல சிமிட்டல் இருக்கான்னு கேமரா வெச்சுக் கட்டாயம் பாருங்க.

குளியலறைக் கூட்டை மாத்த முடியாதுன்னா அங்க 5 வாட்டுக்கு மேல போடாதீங்க. சீலிங்ல பதிக்கற விளக்கு வாங்கினா டிரைவர் தனிப் பெட்டியா, கம்பி இணைப்போட வர்றதா மட்டும் வாங்குங்க. டிரைவர் போனா டிரைவரை மாத்தலாம், தகடு போனா தகட்டை மாத்தலாம். ரெண்டையும் ஒண்ணா ஒட்டி மூடறது ஒரு பழுதுக்காக மொத்தத்தையும் குப்பையில போடச் சொல்றதுதான். எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா எல்லா விளக்கு டப்பாவுலயும் ரெண்டு விஷயம் அச்சடிக்கச் சொல்வேன்: உள்ள இருக்கற கெப்பாசிட்டர் எத்தனை டிகிரியில எத்தனை மணி நேரம் தாங்கும், ஒரு மணி நேரம் எரிஞ்ச பிறகு அது உக்காந்திருக்கற இடத்துல எத்தனை டிகிரி. மிச்சத்தை வாங்கறவங்களே கணக்குப் போட்டுப்பாங்க.

அணைச்சும் மினுங்கற வராண்டா பல்பு வயரிங் சமாச்சாரம். நியூட்ரல் இங்க வருவார், அவர் தொழிலே அது.


நியூட்ரல்:

வந்துட்டேன். பல்பு கோளாறு இல்லீங்க. எல்இடிக்கு மைக்ரோ ஆம்பியர் கணக்குல கரன்ட் கசிஞ்சாலே லேசா மினுங்கும். குண்டு பல்பு இருந்தப்பவும் அதே கசிவு இருந்திருக்கும், அது இழையைச் சூடாக்கப் போதாததால தெரியாது.

மூணுல ஒண்ணு இருக்கும். சுவிட்சுல சின்ன நியான் விளக்கு இருந்தா, அணைச்ச பிறகு அது எரிய வேண்டிய கரன்ட் உங்க பல்பு வழியாத்தான் போகும். அந்த நியானைக் கழட்டினா தீர்ந்தது. நியான் இல்லன்னா, சுவிட்சுக்கும் பல்புக்கும் நடுவுல வயர் நீளமா ஓடி, பக்கத்துலயே வேற ஃபேஸ் வயர் ஒட்டிப் போயிருக்கும். ரெண்டு வயரும் கெப்பாசிட்டர் மாதிரி வேலை செஞ்சு கொஞ்சம் கடத்தும். இது ஆபத்தில்ல. பல்புக்கு இணையா மெயின்ஸுக்குன்னே செஞ்ச எக்ஸ்2 ரக கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டா நின்னுடும்.

மூணாவதுதான் கவனிக்க வேண்டியது. சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலா நியூட்ரல்ல போயிருக்கலாம். அப்ப சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் ஹோல்டர்ல முழு ஃபேஸ் நிக்கும். பல்பு மாத்தறப்ப கை பட்டா ஷாக் அடிக்கும். டெஸ்டரை வெச்சு இதை முடிவு பண்ணாதீங்க, சொன்ன கசிவுக்கே டெஸ்டர் மங்கலா எரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் கசிவை வோல்ட்டா காட்டிக் குழப்பும். மெயினை அணைச்சுட்டு, சுவிட்ச் பெட்டியைத் திறந்து, சுவிட்சுலேர்ந்து ஹோல்டருக்குப் போற வயரையும் சுவிட்சுக்கு வர்ற வயரையும் கன்டினியூட்டி (ரெண்டு முனைக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கற சோதனை) வெச்சுத் தேடிப் பாக்கணும். சுவிட்சுக்கு வர்ற வயர் ஃப்யூஸ் பக்கம் போகுதா, நியூட்ரல் கட்டை பக்கம் போகுதான்னு அதுல தெளிவாத் தெரியும். பழக்கம் இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு "சுவிட்ச் ஃபேஸ்ல இருக்கான்னு பாருங்க"ன்னு சொல்லுங்க, சின்ன வேலை. அதுவரைக்கும் வராண்டா பல்பைக் கழட்டறதா இருந்தா சுவிட்சை நம்பாம மெயினை அணைச்சுட்டுக் கழட்டுங்க.